லைன் பறக்குது!

அனுப்புநர்:
பழைய டயல்-அப் சந்தாதாரர்,
புளியறை, தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
இணையப் புகார்களை முடித்துவைக்கும் உயர்திரு அதிகாரி அவர்கள்.

பொருள்: ‘லைனில் கோளாறு இல்லை’ என்ற தங்கள் தீர்ப்பு – இருபது ஆண்டு தாமதமாக நன்றி நவிலல் – தொடர்பாக.

ஐயா,

டயல்-அப் காலத்தில் ஒரு சாரல் நாளில் நான் செய்த புகார் தங்களுக்கு மறந்திருக்கும். கேபிள் ஜாயின்ட்டில் ஈரம் இறங்கி, ரிசீவரை எடுத்தால் அப்பளம் நொறுக்கும் சத்தம். ஒரு போட்டோ இறங்குவதற்குள் ஐந்தருவியில் குளித்துத் தலை துவட்டிவிடலாம்.

தாங்கள் போனிலேயே வைத்தியம் பார்த்தீர்கள். “மோடம் செட்டிங்ல அதிகபட்ச வேகம் எவ்வளவு போட்டிருக்கு? 19,200-ஆ? அதை 1,15,200 ஆக்குங்க சார்.” ஆக்கினேன். திரையின் மூலையில் இரண்டு குட்டிக் கணினிகள் கண்சிமிட்டி, ‘1,15,200’ என்றன. “பாத்தீங்களா, லைன் பறக்குது!” புகார் முடிந்தது. ஒருவரும் கம்பம் ஏறவில்லை. ஜாயின்ட் நனைந்தபடியே கிடந்தது.

அந்த எண் என் கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே மேஜைமேல் கிடந்த இரண்டு முழ சீரியல் கேபிளின் வேகம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. மோடத்தின் கட்டளையில் ‘டபிள்யூ2’ சேர்த்தேன்; லைனின் வேகத்தை ஒப்புக்கொண்டது: 14,400.

தங்கள் வைத்தியத்தையே பழிக்க மாட்டேன். வி.42பிஸ் முறை எழுத்துச் சரக்கை நாலில் ஒரு பங்காகக்கூட அமுக்கி அனுப்பும். 28,800-இல் வந்தது விரிந்தால் 1,15,200 வரை போகும். அதற்கு வாசல் அகலமாக வேண்டும்தான். வாசலுக்குள் இடமும் வேண்டும்: சீரியல் போர்ட்டின் பழைய 8250 சிப்பில் வந்த பைட் ஒன்று காத்திருக்கத்தான் இடம், 16550ஏ-இல் 16. எங்கள் ஊர்க் கணக்கில், செக்போஸ்ட்டில் ஒரு லாரி நிற்கலாமா, 16 லாரி நிற்கலாமா என்பதுதான். ஆனால் செக்போஸ்ட்டை மைதானமாகவே ஆக்கினாலும், மலைப்பாதையின் எஸ் வளைவில் லாரி முக்கி முனகித்தான் ஏறும். தாங்கள் செக்போஸ்ட்டை அளந்துவிட்டு மலைப்பாதைக்குச் சான்றிதழ் கொடுத்தீர்கள்.

போன வாரம் ஃபைபர் மந்தமென்று தங்கள் வாரிசை அழைத்தேன்.

“வைஃபைல எவ்வளவு காட்டுது?”

“866.”

“பிறகென்ன சார், லைன் பறக்குது!”

அந்த 866 மெகாபிட், லேப்டாப்பிலிருந்து அலமாரிமேல் இருக்கும் ரவுட்டர் வரை. இருபது ஆண்டில் தங்கள் அலுவலகம் மேஜையிலிருந்து அலமாரிவரை முன்னேறியிருக்கிறது. மெய்சிலிர்க்கிறது.

இம்மாதக் கட்டணத்தையும் தங்கள் வழியிலேயே செலுத்திவிட்டேன். சட்டைப் பையிலிருந்து மேஜை டிராயருக்குப் பணம் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தது. வேகத்தில் குறையில்லை. ரசீது அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முடித்துவைக்கப்பட்ட புகார்தாரர்.