ஐரோப்பியப் பொருளதிகாரம்: ஒரு சிற்றுரை

இவ்வதிகாரம் என் நுதலிற்றோ எனின், 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உட்கார்ந்த இடத்திலிருந்தே உலகத்தைக் கண்டறிந்த பெருமக்களை வகைப்படுத்துதல் நுதலிற்று. பொருள் என்றது ஈண்டுக் காசன்று. இருப்பதற்கு வேறெதன் தயவும் வேண்டாதது. இவ்விலக்கணம் ரெனே டேக்கார்ட் சொன்னது. இதன்படி கடவுள் ஒருவரே தேறுவார் என்று 1644இல் அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் கடவுள் தயவு மட்டும் இருந்தால் போதும் என்று வரம்பைத் தளர்த்தி, மனத்தையும் உடலையும் உள்ளே விட்டார். கருணை மதிப்பெண்ணில் தேறிய இந்த இரண்டும்தான் பின்வரும் வம்புக்கெல்லாம் வித்து.

வகைகள் மூன்று. பரீட்சை ஒன்றே: கையைத் தூக்க நினைக்கிறேன், கை எழுகிறது, தூக்கியது யார்?

இருபொருளார்க்குத் தலைவர் டேக்கார்ட். மனம் சிந்திக்கும், இடம் கொள்ளாது. உடல் இடம் கொள்ளும், சிந்திக்காது. இடமே கொள்ளாத ஒன்று கையை எப்படி நெம்பும் என்று 1643 மே மாதம் கடிதம் எழுதிக் கேட்டவர் பொஹீமியா இளவரசி எலிசபெத். வயது 24, அரசிழந்த குடும்பம் ஹேக் நகரில் தஞ்சம் புகுந்திருந்த காலம். டேக்கார்ட் உவமை சொன்னார், இளவரசி மசியவில்லை. அடுத்த கடிதத்தில், மனமும் உடலும் சேர்ந்திருப்பது அன்றாட வாழ்விலும் பேச்சிலும்தான் விளங்கும், இத்தகைய ஆராய்ச்சிக்குத் தாமே ஆண்டுக்குச் சில மணி நேரம்தான் ஒதுக்குவதாக எழுதினார். வாத்தியாரே ‘இது பரீட்சைக்கு வராது’ என்று கைகழுவிய பாடம் இது. 1649இல் வெளிவந்த நூலில், மூளை நடுவிலுள்ள பீனியல் சுரப்பியில் இருந்துதான் ஆன்மா சிறப்பாகக் காரியம் பார்க்கிறது என்றார். இடங்கொள்ளாததற்கு விலாசம் எதற்கு என்பார்க்கு அந்நூலில் விடையில்லை. கேள்வி கேட்ட பெண்ணுக்கே என் மதிப்பெண்.

இவரை எழும் நேரம் பற்றி வகைப்படுத்துவாரும் உளர். நெடுநேரம் படுக்கையில் கிடந்து யோசிக்கும் வழக்கமுடையவரை ஸ்வீடன் அரசி கிறிஸ்டினா விடியற்காலை 5 மணிக்குப் பாடம் சொல்ல அழைத்தார். 1650 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் குளிரில் நுரையீரல் காய்ச்சல் கண்டு டேக்கார்ட் இறந்தார். அப்பகுப்பு இவ்வதிகாரத்துக்குப் புறம்பு.

இருபொருளாருள் ஒரு கிளை, சந்தர்ப்பவாதியர். நம் தேர்தல் காலத்தில் வழங்கும் பொருளில் அன்று. நீ நினைப்பது வெறும் சந்தர்ப்பம், கையைத் தூக்குகிறவர் கடவுள் என்பது மால்பிரான்ஷ் பாதிரியார் கட்சி. கொசு அடிக்கவும் கடவுளே வரவேண்டும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஒருபொருளார் வகையில் உறுப்பினரும் ஒருவரே. 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் விலக்கி வைத்த பின் லென்ஸ் தேய்த்துப் பிழைத்த ஸ்பினோசா, டேக்கார்ட்டின் இலக்கணத்தைக் கருணை மதிப்பெண் இல்லாமல் அப்படியே நம்பிய மாணவர். பிறர் தயவின்றி இருப்பது ஒன்றேயென்றால், இருப்பதே ஒன்றுதானே? அதற்குக் கடவுள் என்றும் பெயர், இயற்கை என்றும் பெயர். மனமும் உடலும் அதன் இரு முகங்கள். நினைப்பதும் கை எழுவதும் ஒரே நிகழ்ச்சி. ஆகவே ஒருவரும் ஒன்றையும் தூக்க வேண்டியதில்லை. இதை யூக்ளிட் போல வரையறை, தேற்றம், நிறுவல் என அடுக்கிய ‘எதிக்ஸ்’, ஆசிரியர் இறந்த 1677இல்தான் வெளிவந்தது. மூவருள் கணக்கை ஒழுங்காகப் போட்டவர் இவரே. நாத்திகர் என்று வசவு வாங்கியவரும் இவரே.

எண்ணில் பொருளார்க்கு முதல்வர் லைப்னிட்ஸ். 1676 நவம்பரில் ஹேக்குக்குப் போய் ஸ்பினோசாவைக் கண்டு பேசினார். பின்னாளில், சில நல்ல கதைகள் கேட்டதோடு சரி என்பதுபோல் எழுதினார். மேதைகளும் பழைய பழக்கத்தை இப்படி மறைப்பதுண்டு. அவர் கணக்கில் உலகம் மோனாடு எனப்படும் எண்ணற்ற தனிப்பொருள்களால் ஆனது. ஒன்றிலும் ஜன்னல் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றிலும் அண்டம் முழுதும் தெரியும். எங்கள் தெருவில் கதவடைத்த வீட்டுப் பாட்டிகளைக் கண்டபின் இதை நான் மறுப்பதில்லை. கை எழுகிறது, நினைப்பும் எழுகிறது. கடவுள் ஆதியில் நேரம் சரிசெய்து வைத்த இரு கடிகாரங்கள்போல. இளவரசியின் கேள்விக்கு விடை சொல்லாமல், கேள்வி எழுந்த நேரத்துக்கு விடை சொன்னார்.

இனிப் புறனடை. முழுக்க ஒத்த இரு பொருள்கள் உலகில் இல்லை என்பதும் லைப்னிட்ஸ் கொள்கை. அதை ஏற்றால் மேற்கூறிய வகைகளெல்லாம் வசதிக்கே. ஹெரன்ஹவுசன் தோட்டத்தில் சீமாட்டி சோஃபியாவின் முன் இதைக் கேட்ட கனவான் ஒருவர், ஒன்றுபோல் இரண்டு இலை காட்டுகிறேன் என்று கிளம்பினார். முடிந்தால் காட்டு என்றார் சோஃபியா. நெடுநேரம் ஓடித் தேடியும் அகப்படவில்லை. அத்தோட்டம் ஹானோவரில் இன்றும் திறந்திருக்கிறது. ஐயமுடையார் போய்த் தேடிக்கொள்க.