கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கோங்க!

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய கார் விற்பவரைத் தரகர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். பலகையில் 'ஆட்டோ கன்சல்டிங்' என்று எழுதியிருக்கும். மெயின் ரோட்டோரம் தகரக் கொட்டகை, மேலே கலர் கொடித் தோரணம், கீழே கழுவித் துடைத்த கார்களின் வரிசை. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கைக்கொரு செல்போன் சகிதம் நம் கன்சல்டிங்காரர்.

நாம் உள்ளே நுழைந்ததும் காரைத்தான் பார்ப்போம். அவர் நம்மைப் பார்ப்பார். வந்திறங்கிய வண்டி எது, கூட வந்திருப்பது மனைவியா மெக்கானிக்கா என்று ஒரு நொடியில் அளந்துவிடுவார். மனைவி என்றால் டீயோடு முறுக்கும் வரும். மெக்கானிக் என்றால் டீயே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

"வாங்கண்ணா, இந்த வண்டியப் பாருங்க. டாக்டர் வண்டி. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் ஓடுனது."

அவர் கொட்டகையில் நிற்கும் கார்களில் பாதி டாக்டருடையவை. மீதியில் பாதி, டீச்சரம்மா ஓட்டியவை. மிச்சமிருப்பது துபாயில் இருக்கிறவர் ஊருக்கு வரும்போது மட்டும் எடுத்தது. டாக்ஸியாக ஓடிய கார், கம்பெனிக்கு ஆள் ஏற்றிய கார், மாமனார் வீட்டுச் சுவரில் மோதிய கார் எல்லாம் இந்த நாட்டில் எங்கே போய் மறைகின்றன என்பது யாருக்கும் புரியாத மர்மம்.

ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்லக் கூடாது. அவர் பொய் சொல்வதே இல்லை. கேட்ட கேள்விக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் கேள்விக்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான்.

"எவ்வளவு ஓடியிருக்கு?"

"மீட்டர்ல முப்பத்தெட்டாயிரம் காட்டுதுங்க."

மீட்டர் காட்டுவதற்கு அவர் சாட்சி. வண்டி ஓடியதற்கு அல்ல. பிரேக் பெடலின் ரப்பர் மழமழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் வழுக்கி, டிரைவர் சீட் ஒரு பக்கம் அமுங்கியிருந்தால் அந்த முப்பத்தெட்டாயிரத்துக்கு முன்னால் ஓர் ஒன்று இருந்து ஓய்வு பெற்றிருக்கிறது என்று அர்த்தம்.

"ஏசி எப்படி?"

"காத்து சும்மா அள்ளுதுங்க."

காற்றுதான் அள்ளுகிறது. குளிரைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. குளிரவில்லையே என்றால், "கேஸ் மட்டும் போடணுங்க, சின்ன வேலை" என்பார். கம்ப்ரஸர் செத்துப் போனாலும் அவர் அகராதியில் அது சின்ன வேலைதான். செலவு நம்முடையது என்பதால் எல்லா வேலையும் சின்ன வேலை.

அவருடைய உபசரிப்பிலும் தொழில்நுட்பம் உண்டு. நாம் வருவதற்கு முன்பே எஞ்சினை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போதுதான் உள்ளிருக்கும் நோய் இருமும். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. டெஸ்ட் டிரைவுக்குத் தார் புதிதாகப் போட்ட ரோட்டுக்கே அழைத்துப் போவார். ஸ்பீடு பிரேக்கர் வருவதற்குள் யு டர்ன். வழி நெடுக இளையராஜா. ராஜா ரசிகர் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அடியில் சஸ்பென்ஷன் பாடும் பாட்டு நம் காதில் விழாமல் இருக்கத்தான் அந்தச் சத்தம்.

சாவியை ஆன் செய்ததும் மீட்டர் போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரு தரம் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். இவர் வண்டியில் எஞ்சின் விளக்கு மட்டும் முதலிலேயே எரியாது. "பாருங்க, ஒரு வார்னிங்கும் இல்ல" என்பார். எச்சரிக்கிற வாயையே கட்டிப்போட்டாயிற்று, பிறகு எங்கிருந்து வரும் வார்னிங்?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் நீந்திய கார்கள் எத்தனையோ. அப்படி முங்கி எழுந்த வண்டி கொட்டகைக்கு வந்தால் உள்ளே மல்லிகை மணக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக்கறை தெரியும். ஸ்டெப்னிக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கினால் துரு தெரியும். நாம் கையை அங்கே கொண்டுபோகும்போதுதான் அவருக்கு அவசரமாகப் போன் வரும். "ஆமாங்க... அந்த வெள்ளக் காருதானே? அட்வான்ஸோட வர்றீங்களா? இங்க ஒரு அண்ணன் பாத்துட்டு இருக்காரே..." மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று சோதிக்க இதுவரை எந்தக் கருவியும் வரவில்லை.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப், 1970-இல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. பயத்தில் வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் கட்டுப்படியாகாமல் ஒதுங்குவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது மோசமான வண்டிதான் என்றார். மூன்று ஆய்விதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2001-இல் அதற்கே நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் கன்சல்டிங்காரரிடம் கொடுத்திருந்தால் அவரும் திருப்பியிருப்பார்: "இதுல என்னங்க இருக்குது, தெரிஞ்ச சங்கதிதானே!"

காகிதங்கள் என்று வந்தால் அவர் காட்டும் அவசரமே வேறு. முந்தைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்ட 29, 30 படிவங்கள் மேஜை டிராயரில் கட்டாகக் கிடக்கும். ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு இருக்கிறதே என்றால், "லோன் முடிஞ்சுதுங்க, என்ஓசி வந்துரும்" என்பார். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று விதி வந்திருக்கிறதே என்றால், "அப்ளை பண்ணியிருக்குதுங்க."

டெலிவரி நோட்டில் மட்டும் நிமிடக் கணக்கு. 'மாலை 5.10 மணி முதல் இவ்வண்டியைப் பொறுத்த சகலத்துக்கும் நானே பொறுப்பு' என்று நம்மிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து வழியனுப்புவார். 5.11-க்கு வண்டி நின்றால், "ஓடற வண்டின்னா அப்பப்ப நிக்கத்தாங்க செய்யும்."

ஆறு மாதம் கழித்து அதே காரை அவரிடமே விற்கக் கொண்டுபோனால் வேறொரு மனிதரைப் பார்க்கலாம். அந்தியூர்ச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கும் வியாபாரி போல பானெட்டைத் திறப்பார். போல்ட்டில் ஸ்பானர் பட்ட தடம், கதவில் மறுபெயின்ட், பில்லரில் வெல்டிங், டயர் தயாரான வாரமும் வருடமும் எல்லாம் ஐந்தே நிமிடத்தில் வாசித்துவிடுவார். "முன்னாடி அடிபட்ட வண்டிங்க. மீட்டர் திருப்பியிருக்கு. எந்த ஆள்ங்க உங்களுக்கு இத வித்தது?" என்று உண்மையாகவே வருத்தப்படுவார்.

அதாவது, ஊரிலேயே சிறந்த கார் பரிசோதகர் அவர்தான். வாங்கும் நாளில் திறக்கும் அவர் கண், விற்கும் நாளில் மூடிக்கொள்கிறது. அந்தக் கண்ணைப் பயன்படுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன்" என்று சொல்லி, நம் மெக்கானிக்கிடம் காட்டிய கையோடு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் இன்னொரு கன்சல்டிங்காரரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். "இது என்ன விலைக்குப் போகும்?" என்று மட்டும் கேளுங்கள். டாக்டரும் டீச்சரம்மாவும் இறங்கிப் போய்விடுவார்கள். மிச்சமிருக்கும் காருக்கு என்ன மதிப்போ, அதைக் கொடுங்கள்.