மாமன் சொல்லுதேன், கேட்டுக்கோ மாப்ளே

மாப்ளே, நீ தூங்கி மாசக்கணக்காச்சு. யாரும் சொல்லல; ராத்திரி ரெண்டு மணிக்கு உன் செல்போன் வெளிச்சம் எங்க திண்ணை வரைக்கும் அடிக்கு. கேட்டா "ஒண்ணுமில்ல மாமா"ங்கே. ஒண்ணுமில்லாததுக்கா உங்கம்மை கோடாங்கி, தாயத்து, கோழின்னு அழிச்சிருக்கா? கோழிய நான் குறை சொல்ல மாட்டேன். குழம்பு எனக்கும் வந்துச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போலேன்னா, "நான் என்ன பைத்தியமா?"ன்னு சீறுதே. பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா கட்ட மாட்டாகளாம். சரிதான். கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு போய் நின்னா, மாப்பிள்ளைக்குத் தூக்கமில்லன்னா நெனைப்பாக? குடிகாரன்னு நெனைப்பாக. அந்தப் பேரு உனக்குத் தேவலையாக்கும்!

மொதல்ல ஆளு யாருன்னு தெரிஞ்சுக்கோ. மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடிச்சு அதுக்கு மேல எம்டி படிச்சவரு. அவருதான் மாத்திரை எழுதுவாரு. உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டாரு, கேள்வி கேப்பாரு. என்னைக்கிருந்து தூக்கமில்ல, சோறு இறங்குதா, எதை நெனைச்சா நெஞ்சு படபடங்கு, இப்படி. தேவைப்பட்டா ஞாபகம், கவனம் எல்லாம் சோதிச்சுப் பாப்பாரு. சும்மா விடவும் மாட்டாரு, வீட்டுப்பாடம் குடுப்பாரு. படுத்த நேரம், முழிச்ச நேரம் நோட்டுல எழுதணும். எப்போ தூங்குனாலும் ஒரே நேரத்துக்கு எந்திரிக்கணும். தூக்கம் வரலன்னா பாயை விட்டு எந்திரிச்சு உக்காரணும். மத்தியானத் தூக்கத்துல கைய வைப்பாரு பாரு, அங்கதான் நீ அழுவே. இதெல்லாம் ஒரு நாள்ல தீராது, வாராவாரம் போகணும். மத்தபடி அறிவுரை சொல்லுறதுக்கு அவரு எதுக்கு? அதுக்குத்தான் காசில்லாம நான் இருக்கேனே.

காளை வாங்கப் போனா பல்லைப் புடிச்சுப் பாக்கே, இங்கயும் பாரு. பேருக்கு முன்னால 'மனோதத்துவ நிபுணர்', கீழேயே 'வாஸ்து, கைரேகை'ன்னு போர்டு போட்டிருப்பான். செருப்பக்கூட கழட்டாம திரும்பி வந்துரு. மருத்துவ உளவியலாளர்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிஞ்சிருக்கணும், 1992-ஆம் வருசத்துச் சட்டம் அது. பதிவு எண் என்னன்னு கேளு. உள்ள ஆளு சிரிச்சுக்கிட்டே காட்டுவாரு, இல்லாதவன் கோவப்படுவான்.

நீ பேசுனது வெளிய போயிருமோங்கே. 2017 மனநலச் சட்டத்துலயே அதை ரகசியமா வைக்கணும்னு இருக்கு. உயிருக்கு ஆபத்துங்கிற மாதிரி விசயத்துலதான் விலக்கு. உங்கம்மைகிட்ட சொன்ன ரகசியத்துக்கு எந்தச் சட்டம் இருக்கு? காலைல சொன்னா சாயங்காலம் பால்காரன் விசாரிக்கான்.

நேர்ல போக வெக்கமா இருந்தா 14416-க்குப் போன் போடு. டெலி மானஸ்ங்காக, 2022-லருந்து இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாக. நீயும்தான் அந்நேரம் முழிச்சிருக்கியே.

இல்லைன்னா பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போ, மனநலப் பிரிவு அங்க இருக்கு. காலைலயே போய் ஓபி சீட்டு போட்டுரு. பெஞ்சுல நம்மூர் ஆளு உக்காந்திருந்தா நீ சுவரைப் பாரு, அவரு ஃபேனைப் பாப்பாரு. ஒண்ணும் நடக்காது. இதெல்லாம் மாமனுக்கு எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காதே. உங்க அத்தைகிட்ட கேக்கவே கேக்காதே.