ஓய்வுபெற்ற பதினேழாம் பிரிவு அவர்களுக்கு

அனுப்புநர்: டெஸ்பாட்ச் கிளார்க், தொழிற்சாலை ஒன்று, திருவொற்றியூரைத் தாண்டி.
பெறுநர்: பிரிவு 17 (வெளிச்சம்), தொழிற்சாலைகள் சட்டம், 1948.

மதிப்பிற்குரிய ஐயா,

2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததால் தாங்கள் ஓய்வு பெற்றுவிட்டதாக அறிந்தேன். இத்தனை வருஷம் தாங்கள் பணியில் இருந்த விஷயமே அப்போதுதான் தெரிந்தது. தாமதமான வாழ்த்துக்கு மன்னிக்கவும்.

சால்வை போடுவதற்கு முன் தங்கள் வாசகத்தைப் படித்துப் பார்த்தேன். ஆள் வேலை செய்யும் இடத்திலும் நடமாடும் இடத்திலும் போதிய, பொருத்தமான வெளிச்சம் வேண்டும். கண் கூசக் கூடாது. கண்ணை வருத்தும் நிழல் விழக் கூடாது. ஜன்னல் கண்ணாடி உள்ளேயும் வெளியேயும் சுத்தமாக இருக்க வேண்டும். வெளியேயுமா, ஐயா? 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் தூசியைக் காரணம் காட்டிச் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை நிறுத்தச் சொன்னது. பக்கத்து ராயபுரத்தின் ஜன்னல்கள் பிழைத்தன. நிலக்கரி எங்கள் பக்கமான எண்ணூருக்கு ஜாகை மாறியது. எங்கள் ஜன்னல்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

ஊருக்கே கரண்ட் தயாரிக்கிற பேட்டை இது. இங்கே என் மேசைக்கு மேலே இருப்பது, இரண்டு முனையும் கறுத்த ஒரு டியூப்லைட். பழைய சோக்கோடு ஓடும் டியூப்லைட் நொடிக்கு 100 தடவை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, தலைக்குத் தெரியும். அதிவேக எலக்ட்ரானிக் சோக்குக்கு மாற்றினால் ஆபீஸ்காரர்களின் தலைவலியும் கண்வலியும் பாதிக்கு மேல் குறைகிறது என்று 1989-லேயே இங்கிலாந்தில் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். நம் நாட்டுத் தர ஏடான ஐஎஸ் 3646, ஆபீஸ் மேசைக்குக் குறைந்தது 300 லக்ஸ் கேட்கிறது. நான் கன்டெய்னர் சீல் நம்பரை செல்போன் டார்ச் அடித்துப் படிக்கிறேன். 3-ஐ 8 என்று பதிந்தால் டிரெய்லர் கேட்டிலேயே நிற்கும். நிற்கும் வண்டியின் ஹெட்லைட் நேராக என் முகத்தில். தாங்கள் சொன்ன கண்கூச்சம், மின்சாரச் செலவே இல்லாமல் கிடைத்துவிடுகிறது. “இன்னா சார், கரண்ட் பில்லு கட்டலியா?” என்று டிரைவர் வேறு கேட்கிறார்.

நிர்வாகத்தையும் குறை சொல்ல முடியாது. விருந்தாளிகள் உட்காரும் ரிசப்ஷனுக்கு எல்இடி வந்தாயிற்று. மேலும், எங்கள் மேனேஜர் படித்தவர். அமெரிக்காவில் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் வெளிச்சத்தை வைத்துச் சோதனை நடந்ததாம். கூட்டினாலும் உற்பத்தி ஏறியதாம், குறைத்தாலும் ஏறியதாம். பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு வந்தவர் மறுநாளே இரண்டு டியூப்லைட் பட்டிகளைக் கழற்றச் சொன்னார். அந்தச் சோதனைக்கு வேறொரு விளக்கம் உண்டு: தம்மை ஒருவர் கவனிக்கிறார் என்பதே அங்கே வேலை செய்தவர்களுக்கு உற்சாகம் கொடுத்ததாம். அந்த விளக்கம் வகுப்பில் டீ இடைவேளைக்குப் பிறகு வந்திருக்கும்.

நல்ல நாளும் உண்டு. ஆய்வு என்று தகவல் வந்தால் ஸ்டோரிலிருந்து புது டியூப்கள் இறங்கும். என் மேசைக்கு ஒரு மூலை இருப்பதையே அன்றுதான் பார்ப்பேன். மறுநாள் டியூப்கள் ஸ்டோருக்குத் திரும்பிவிடும், கணக்கில் ஒன்றும் குறையாது.

தங்கள் வாரிசைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்களுக்கு நாலு உட்பிரிவுகள். பணியிடப் பாதுகாப்புக்கான புதிய தொகுப்பின் 23-ஆம் பிரிவில், குடிநீர், நெரிசல், கழிப்பறை வரிசையில் ‘போதிய வெளிச்சம்’ என்று நிற்கிறது. ஜன்னல், நிழல், கண்கூச்சம் எல்லாம் இனி அரசு வகுக்கும் விதிகளின் பாடு. ஆகவே பொறுப்பை ஒப்படைக்கும்போது சார்ஜ் லிஸ்டில் எங்கள் ஜன்னலையும் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். உட்புறம்: துடைக்கப்பட்டது (நான்தான், என் கைக்குட்டையால்). வெளிப்புறம்: 1948 முதல் நிலுவை.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள கிளார்க்