கேளுங்கள், சொல்கிறோம்

என் மகன் தகவல் அமைப்புகளில் பட்டப்படிப்பு படிக்கிறான். வீட்டு பிரிண்டரைக்கூட சரிசெய்யத் தெரியவில்லையே? – ஒரு அம்மா, பிரெடெரிசியா, டென்மார்க்

ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டுச் சாந்து குழைக்கச் சொல்வீர்களா, அம்மா?

உங்கள் சிபிஆர் எண்ணைப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் என்று 1968-ல் டென்மார்க் கொண்டுவந்த 10 இலக்க ஏற்பாடு. முதல் 6 பிறந்த தேதி. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. எண் சரிதானா என்று பார்க்க 11-ஆல் வகுக்கும் சோதனை வேறு. பிறந்த தேதி தெரியாமல் வந்த குடியேறிகளுக்கு ஜனவரி 1 என்று எழுதிவைத்தார்கள். 1965 ஜனவரி 1-ல் 'பிறந்த' ஆண்கள் குவிந்து எண்ணே தீர்ந்துபோனது! 2007-ல், சோதனையில் தேறாத எண்களையும் கொடுக்க ஆரம்பித்தார்கள். நம்மூர் ஹெட்மாஸ்டர்கள் ஊரையே ஜூன் மாதத்தில் பிறக்கவைத்த கதையை அவர்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். இப்படிப்பட்ட ஏற்பாடுகளை எப்படி வடிவமைப்பது என்பதைத்தான் மகன் படிக்கிறான்.

அப்படியென்றால் உள்ளூரிலேயே கூகுளில் வேலை கிடைக்குமா?

உங்கள் பிரெடெரிசியா 1650-ல் கோட்டையாகப் பிறந்த ஊர். 2020-ல் கூகுள் டேட்டா சென்டர் வந்தது. கோட்டைக்கு ஆள் அதிகம் வேண்டும்; டேட்டா சென்டருக்குக் கரண்ட்தான் அதிகம் வேண்டும். நகராட்சி, மருத்துவமனை, துறைமுகம் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பிரிண்டருக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.