வெள்ளத்துக்குப் பயந்து சதுப்புக்குள்

அடையாற்றங்கரையில் ஏழை குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. அதே ஆற்றுக்கு மேலே சென்னை விமான நிலையம் ஓடுபாதை போட்டால் வளர்ச்சி. பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டால் தொலைநோக்கு. 2015 டிசம்பரில் அடையாறு தன் இடத்தைத் தேடி வந்தது. ஓடுபாதை மூழ்கியது, விமான நிலையத்தையே சில நாள் மூடினார்கள். ஆனாலும் ஓடுபாதையைக் காலி செய்யச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. குடிசைகளுக்குத்தான் லாரி வந்தது.

எல்லாம் கருணைதான். வெள்ளத்திலிருந்து ஏழைகளைக் காப்பாற்றுகிறார்களாம். பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்க, மூட்டை முடிச்சோடு கொண்டுபோய் இறக்கிய இடம் பெரும்பாக்கம். அதாவது பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் எங்கே போகும்? அங்கேதான் போகும். போகிறது. வெள்ளத்துக்குப் பயந்தவர்களை வெள்ளத்தின் வீட்டுக்கே குடியனுப்பிய மூளைக்குச் சிலை வைக்கலாம். தண்ணீர் வடியட்டும்.

சதுப்பாவது முழுசாக இருக்கிறதா? பெருங்குடியில் மாநகராட்சி அதன் தலையில் குப்பையை மலையாகக் கொட்டியது. சுற்றிலும் மென்பொருள் மாளிகைகள். கடலை ஆராய ஒரு தேசிய நிறுவனம், காற்றை ஆராய இன்னொன்று, இரண்டும் பள்ளிக்கரணையில்தான். பெரும்பகுதியைத் தின்று ஏப்பம் விட்டபின், 2022இல் மிச்சத்துக்கு உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சர் பட்டம் வாங்கிக் கைதட்டினோம்.

இப்போது பேரிடர் மீள்திறன் பயிற்சி என்கிறார்கள். குளிரூட்டிய அரங்கு, பேனர், பாட்டில் தண்ணீர், குழுப்படம். ரேஷன் கார்டைப் பாலிதீன் பையில் கட்டி வையுங்கள், டார்ச் லைட் தயாராக இருக்கட்டும் என்று பாடம். யாருக்கு? இடுப்பளவுத் தண்ணீரில் கேஸ் சிலிண்டரைத் தலையில் சுமந்து மாடியேறிய பெண்ணுக்கு. தாங்குவது எப்படி என்று அவளுக்குச் சொல்லித்தர இவர்களுக்குத் தினப்படி வேறு.

2015 வெள்ளம் மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே எழுதிவிட்டார். அந்த மனிதர்களுக்கு மட்டும் இன்றுவரை ஒரு பயிற்சியும் இல்லை.

ஐயா, வகுப்பு நடத்தியே தீருவதென்றால் ஆளை மாற்றுங்கள். ஏரி என்று தெரிந்தே மனைக்குக் கையெழுத்துப் போட்டவர், கால்வாயை மறித்துக் கட்டியவர், அதைப் பார்த்தும் பாராமல் போனவர், எல்லோரையும் உட்கார வையுங்கள். இடம் பெரும்பாக்கம், தரைத்தளம். மாதம் நவம்பர்.