எக்கோ மாப்ளைக்கு மாமன் சொன்னது

வா மாப்ள. யூரோராக் சிந்தசைசர் பொட்டியில டிலே மாட்டியிருக்கியாமே? நீ சொல்லவே வேணாம், தெருமுக்கு வரைக்கும் கேக்குது. நம்ம தெரு நாயெல்லாம் பதிலுக்கு ஊளையிட்டுப் பாத்து, முடியாம, பஸ் ஸ்டாண்டு பக்கம் குடிபோயிருச்சு.

மாமனுக்கு என்ன தெரியும்னு மூஞ்சியைச் சுளிக்காதே. கோயில் திருவிழாவுக்கு மைக்செட் கட்டிப் பொழச்சவன் நான். எக்கோ போர்டுல உக்காந்திருக்குமே பிடி2399, தைவான்காரன் சில்லு, கரோக்கேக்காரங்க அத வச்சுத்தான் பாடுனாங்க. வெல கொறைஞ்ச டிலே மாட்யூல் பலதுக்குள்ளயும் அதேதான் இருக்கு. முன்தகடு மட்டும் ஜிகுஜிகுன்னு மின்னும். அந்த மினுக்குக்குத்தான் நீ அம்புட்டுக் காசு குடுத்திருக்கே, வாழ்க.

மாட்டுறதுக்கு முன்னால ரிப்பன் வயரைப் பாத்தியா? செவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம் போகணும். மாத்திச் செருகுனா பொகை வரும். போன பொகையை எந்த டிலேயும் திருப்பித் தராது.

சரி, நாப்பைக் காட்டு. டைம், ஃபீட்பேக், மிக்ஸ், மூணையும் வலதுகோடி வரைக்கும் முறுக்கி வச்சிருக்கே! காசு குடுத்தாச்சு, முழுசா அனுபவிச்சிரணும்னு நெனப்பு. ஃபீட்பேக்கை அடியில இறக்கு. மிக்ஸைப் பாதியில வை. உள்ள என்ன சத்தம் விடுறே? நிறுத்தாம இழுக்குற ட்ரோனா? நல்லாருக்கு. இடைவெளியே இல்லாத சத்தத்துல எது சொன்னது, எது திரும்பி வந்ததுன்னு யாருக்குத் தெரியும்? ஆசிலேட்டரை, சத்தத்தைக் கூட்டிக் கொறைக்கிற விசிஏ வழியா விடு, என்வலப்பைக் குறுக்கி 'டக்'னு ஒரு தட்டு தட்டு. இப்பக் கேளு. ஒரு 'டக்', அப்புறம் ஒரே ஒரு 'டக்'. இதுதான் டிலே. இம்புட்டு நாளா நீ கேட்டது கூச்சல்.

தாளத்தோட நிக்கணும்னா கணக்கு இருக்கு: 60,000-ஐ பிபிஎம்மால வகு, மில்லி செகண்டு வரும். 120-க்கு 500. முக்கால் பங்கு 375 வை, துள்ளும். மாட்யூல்ல க்ளாக் சொருகுற ஓட்டை இருந்தா கணக்கே வேணாம், சீக்வென்ஸரோட க்ளாக்கையே குடுத்துட்டுக் கம்முனு இரு.

நீ எல்லாம் நீளமான எக்கோவுக்குத்தான் வாயைப் பொளப்பே. மாமனுக்குப் பிடிச்சது குட்டை நேரம். 100 மில்லி செகண்டுக்குச் சொச்சம் வை: மெம்பிஸ் சன் ஸ்டுடியோவுல சாம் பிலிப்ஸ் 1950கள்ல ரெண்டாவது டேப் மெஷினை ஓட்டி எல்விஸ் கொரலுக்குக் குடுத்த தெறிப்பு அது. மாட்யூல் விட்டா இன்னும் இறக்கு. 10 மில்லி செகண்டுக்கு வா, ஃபீட்பேக்கை நல்லா ஏத்து, துளியூண்டு நாய்ஸை உள்ள தட்டு. என்ன வந்துச்சு? கம்பி மீட்டுன சத்தம்! செகண்டுக்கு நூறு தரம் சுத்துதுல்ல, அதான் 100 ஹெர்ட்ஸ். கார்ப்ளஸும் ஸ்ட்ராங்கும் 1983-ல எழுதிவச்ச கம்பிச் சத்த வித்தைக்குப் பங்காளிதான் இது. எக்கோ வாங்கப் போனவனுக்கு ஒரு வாத்தியம் சும்மா கெடச்சிருக்கு, அது தெரியாம நீ டைமை அந்தக் கோடியில வச்சிருக்கே.

ஒருவேளை ஒன்னுது அந்த பிடி2399 இல்லாம, பிபிடி (பக்கெட் பிரிகேட்) வகையா? 1969-ல பிலிப்ஸ் கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்சது. கட்டடத்துல சித்தாளுங்க வரிசையா நின்னு சாந்துச்சட்டி கைமாத்துவாங்கல்ல, அப்படித்தான் சத்தத்தை மின்சாரமாக் கைமாத்தும். வரிசையில 4,096 ஆளு நின்னு, க்ளாக் 10 கிலோஹெர்ட்ஸா இருந்தா 205 மில்லி செகண்டு கிட்ட வரும். நேரம் நீளணும்னா க்ளாக்கை மெதுவாக்கணும். அப்பச் சத்தம் மழுங்கும், க்ளாக்கே 'ஙீ'ன்னு காதுல விழும். மழுங்கல்தான் அதோட அழகுன்னு சொல்லி விக்கிறான் பாரு, அவன் கெட்டிக்காரன்.

இனி ஃபீட்பேக். ஒருதரம் போனது கொறையாமத் திரும்பி வந்தா ஓயாது, கூடித் திரும்பி வந்தா கூவும். மைக்கை ஸ்பீக்கருக்கு நேரா நீட்டுன பூசாரிகிட்ட எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! செண்டு, ரிட்டர்ன் ஓட்டை இருந்தா நடுவுல ஒரு ஃபில்டரைச் செருகி அடிச்சத்தத்தை வெட்டு, சகதி சேராது. ஜமைக்காவுல கிங் டப்பின்னு ஒருத்தர், ரிப்பேர் கடை வச்சிருந்தவர். பாட்டை மிக்ஸ் பண்றப்ப எல்லாத்தையும் எக்கோவுல முக்க மாட்டாரு. ஒரு கொரல், ஒரு தட்டு, அத மட்டும் தள்ளிவிட்டுட்டு மத்ததை நிறுத்திருவாரு. நீயும் டிலேக்கு முன்னால ஒரு விசிஏவை வை, எட்டுச் சத்தத்துல ஒண்ணை உள்ள விடு. திருப்பிச் சொல்றதைப் பொட்டி பாத்துக்கும். எதைச் சொல்லலாம்னு நீதான் பாக்கணும்.

அப்புறம், மெதுவா ஆட்டிவிடுற அந்த எல்எஃப்ஓவோட வயர். டைம்ல நேராச் சொருகி வச்சிருக்கே, சுருதி குடிச்சவனாட்டம் தள்ளாடுது. அட்டெனுவேட்டர் வழியா இத்துனூண்டு விடு, பழைய டேப் ஓடுற மாதிரி லேசா அசையும், போதும்.

கையில மிச்சக் காசை வச்சுக்கிட்டு ரெண்டாவது டிலே தேடுறியாமே? முழி சொல்லுது. அதை விட்டுட்டு ஒரு விசிஏவும் அட்டெனுவேட்டரும் வாங்கு. அப்பவும் மிச்சம் நின்னா மாமனுக்கு ஒரு டீ சொல்லு, சக்கரை கம்மியா.